டிசம்பர் லீவுல ஊட்டியில ஒரு குதிரைக்காரர் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்க இருக்கறது ஊட்டி காந்தல் பக்கம். வீட்டுக்காரர், நான், அத்தை, எட்டாவது படிக்கிற பையன், மூணாவது படிக்கிற பொண்ணு, அப்புறம் மூணு மட்டக்குதிரை: ராஜா, மின்னல், வயசான ரோஸி. ஏரிப் பக்கம் டூரிஸ்ட்டுங்கள ஏத்தி ஒரு ரவுண்டு கூட்டிட்டு வர்றதுதான் பொழப்பு. அரைப்பரீட்சை லீவு விட்ட நாள்ல இருந்து காணும் பொங்கல் வரைக்கும் சொந்தக்காரங்க, குதிரை ஏற வர்றவங்க, பசங்களோட கூடப் படிக்கிறவங்கன்னு எல்லாரும் கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான். அதனால எல்லாத்துக்கும் இங்கயே பதில் எழுதிடறேன்.

இந்தப் பனியில குதிரைக்கு குளிராதா?

இதுதான் எல்லாரும் முதல்ல கேக்கறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு, டிசம்பர் ஜனவரியில விடியக்காலையில காந்தல், தலைக்குந்தா பக்கமெல்லாம் புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி உறைபனி விழுந்திருக்கும், சில நாள் பூஜ்ஜியத்துக்கும் கீழ போகும். ஆனா வளர்ந்த, ஆரோக்கியமான குதிரை இதைத் தாங்கிக்கும்ங்க. பகல் நேரம் குறைய ஆரம்பிக்கும்போதே அதுக்கு ரோமம் அடர்த்தியா வளர ஆரம்பிச்சிடும். குளிர் கூடினா ரோமம் எழும்பி நிக்கும், அந்த ரோமத்துக்கு நடுவுல நிக்கிற காத்துதான் உடம்புச் சூட்டை வெளிய விடாம பிடிச்சு வைக்குது.

அதுக்கு மேல, குதிரையோட பெருங்குடல்ல நார்த்தீனி நொதிக்கும்போதே சூடு உண்டாகும். அதனால பனி அதிகமா இருக்கற ராத்திரி நாங்க கொள்ளுத் தீனியைக் கூட்டறதில்ல, காஞ்ச புல்லும் சோளத்தட்டும்தான் கூட ஒரு கை போடுவோம். நிறைய பேர் குளிருக்குன்னு கொள்ளை அள்ளிக் கொட்டுறாங்க, அது தப்பு, சூடு குடுக்கறது நார்தான்.

குளிரை விட மோசம் ஈரம். ரோமம் நனைஞ்சு படிஞ்சிட்டா உள்ள காத்து நிக்காது, அப்போதான் குதிரை நடுங்கும். டிசம்பர்ல இங்க பனிமூட்டமும் தூறலும் சேந்தே வரும், அதோட வேலை செஞ்சு வேர்த்திருக்கும். சாயங்காலம் வீடு திரும்பினதும் வைக்கோலை முறுக்கி உடம்பு முழுக்க தேய்ச்சு காயவச்ச அப்புறம்தான் கம்பளி போத்துவோம். ஈர உடம்பு மேல கம்பளியைப் போட்டா அந்த ஈரத்தையே போத்திவிட்ட கணக்குதான். ரோஸி மாதிரி வயசானது, ஒல்லியா இருக்கறது, குட்டிங்க, இதுங்களுக்கு மட்டும் கம்பளி கட்டாயம் வேணும்.

அப்போ குளிர்காலத்துல நீங்க எதுக்குத்தான் பயப்படுவீங்க?

தண்ணிக்கு. இதை நான் எத்தனை பேர்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க. எங்க குதிரைங்க சைஸுக்கு, அதாவது 250 கிலோ பக்கம் எடை இருக்கறதுக்கு, ஒரு நாளைக்கு சுமாரா 15லிருந்து 25 லிட்டர் தண்ணி வேணும், வேலை நாள்ல அதுக்கும் மேல. ஆனா ஐஸ் மாதிரி இருக்கற தண்ணியை அதுங்க ரெண்டு வாய் குடிச்சிட்டு தலையைத் தூக்கிடும். இன்னொரு பக்கம் பனியில பச்சைப்புல் கருகிப் போயிருக்கும், தீனி பூரா காஞ்சது. காஞ்ச தீனி, கம்மி தண்ணி, இந்த ரெண்டும் சேந்தா குடல்ல சாணம் இறுகி அடைச்சிக்கும். குதிரையால வாந்தி எடுக்க முடியாது, வயித்துக்குள்ள போனது கீழ வழியாத்தான் வெளிய போகணும், அது அடைச்சிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து.

அதனால எங்க வீட்டுல டிசம்பர் பிறந்தா விறகடுப்புல முதல் பாத்திரம் குதிரைத் தண்ணிதான், நம்ம காபி அதுக்கு அப்புறம். வெதுவெதுப்பா இருந்தா போதும், கைய விட்டா சுடக்கூடாது. கொள்ளை முந்தின ராத்திரியே ஊறவச்சு வேகவச்சு, அந்தத் தண்ணியோட தவிடு கலந்து, ஒரு கை உப்பும் போட்டு வைப்போம். உப்பு போனா தாகம் எடுக்கும், தானா குடிக்கும். வேலை நாள்ல மத்தியானமும் ஏரிக்கு ஒரு கேன்ல வெந்நீர் கொண்டு போய் அங்க இருக்கற தண்ணியில கலந்து வைப்போம். அத்தை ராத்திரி படுக்கப் போகும்போது பக்கெட்ல எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டுதான் கதவைச் சாத்துவாங்க.

லீவு சீசன்ல உங்க ஒரு நாள் எப்படிப் போகும்?

ஊட்டிக்கு பெரிய சீசன் ஏப்ரல், மே. கிறிஸ்துமஸ்ல இருந்து நியூ இயர் வரைக்கும் ஒரு வாரம், அப்புறம் பொங்கல் லீவு, இது சின்ன சீசன், ஆனா நாள் கம்மி, கூட்டம் ஜாஸ்தி, அதனால வீடே கொஞ்சம் இறுக்கமாத்தான் ஓடும். விடியறதுக்கு முன்னாடி நான் எழுந்து அடுப்பு மூட்டுவேன், அவர் லாயத்துல சாணம் அள்ளி, ராத்திரி எவ்வளவு போட்டிருக்கு, கெட்டியா இருக்கா தளர்வா இருக்கான்னு பாப்பாரு. யாராவது போன்ல கூப்பிட்டா கூட அந்த நேரத்துல எடுக்க மாட்டாரு, ஏன்னா அந்தச் சாணத்தைப் பாத்தே அன்னிக்கு எந்தக் குதிரை வேலைக்குப் போகலாம்னு அவருக்குத் தெரிஞ்சிடும்.

தண்ணி, தீனி, அதுக்கப்புறம் கால். நாலு குளம்பையும் தூக்கி உள்ள இருக்கற மண்ணு கல்லெல்லாம் கொக்கியால எடுக்கணும். ஈரமான வைக்கோல்லயே நின்னா குளம்புக்கு அடியில அழுகல் வந்து கெட்ட நாத்தம் அடிக்கும், அதை மூக்குலயே கண்டுபிடிச்சிடலாம். அப்புறம் உருவி விட்டு, முதுகுல கை வச்சு அமுக்கிப் பாத்துட்டுதான் சேணம் போடறது.

சேணத்துக்கு அடியில போடற துணி பத்தி ஒண்ணு சொல்லணும். டிசம்பர்ல ஊட்டியில எதுவும் காயாதுங்க. அந்தத் துணி ஈரமாவோ, வேர்வை காஞ்சு மொறமொறன்னோ இருந்தா முதுகு உரசிப் புண்ணாயிடும், புண்ணானா சீசன் பூரா அந்தக் குதிரைக்கு வேலை கிடையாது. அதனால ஒவ்வொண்ணுக்கும் மாத்துத் துணி வச்சிருக்கோம், அடுப்புக்கு மேல கயிறு கட்டி, பாப்பாவோட ஸ்வெட்டர், என் பையனோட சாக்ஸ், ராஜாவோட முதுகுத் துணின்னு எல்லாம் வரிசையா தொங்கும். வர்ற சொந்தக்காரங்க மூக்கைப் பிடிப்பாங்க, எங்களுக்கு அது வீட்டு வாசனை.

காலைப் புல்லுல உறைபனி இருக்கற வரைக்கும் மேய விட மாட்டோம், வெயில் வந்து பனி உருகினதுக்கு அப்புறம்தான் அவுத்து விடறது. ஒன்பது ஒன்பதரைக்கு அவர் ஏரிக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் அங்கதான். ராஜாவும் மின்னலும் மாத்தி மாத்தி வேலை செய்யும், ஒண்ணு போகும்போது ஒண்ணு நிக்கும். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் இதை அவர் மாத்தினதில்ல.

பசங்களுக்கு லீவுதானே, அவங்களும் குதிரை பிடிச்சுட்டு வருவாங்களா?

வரமாட்டாங்க. பெரியவனுக்கு ரொம்ப ஆசை, கூடப் படிக்கிற சில பசங்க ஏரியில நின்னு காசு சம்பாதிக்கறதைப் பாத்துட்டு வந்து கேப்பான். அவங்கப்பா முடியாதுன்னு சொல்லிட்டாரு. கூட்டத்துல ஹாரன் சத்தம், பலூன், செல்ஃபி ஸ்டிக்கு, திடீர்னு ஓடி வர்ற குழந்தை, இதுக்கு நடுவுல மிரண்ட குதிரையை பதிமூணு வயசுப் பையனால நிறுத்த முடியாது, மேல உக்காந்திருக்கறது வேற ஒரு வீட்டுக் குழந்தை.

வீட்டுல வேலை நிறைய இருக்கு, அதை ரெண்டு பேரும் செய்வாங்க. பொண்ணுதான் ரோஸிக்கு பிடரி சீவி விடுவா, பெரியவன் தீனி எடை போடறது, தண்ணிக் கணக்கு நோட்டுல எழுதறது. நாலஞ்சு சட்டம் மட்டும் கண்டிப்பு: பின்னாடி போய் நிக்கக்கூடாது, வரும்போதே குரல் குடுத்துட்டு வரணும், செருப்போட லாயத்துக்குள்ள நுழையக்கூடாது ஷூ போட்டிருக்கணும், கயித்தைக் கையில சுத்திக்கக்கூடாது, தின்னக் குடுக்கும்போது உள்ளங்கையை விரிச்சு வச்சுக் குடுக்கணும். லீவுக்கு வர்ற சித்தப்பா பசங்களுக்கும் இதேதான், முதல் நாளே வரிசையா நிக்க வச்சு பாப்பாதான் பாடம் எடுப்பா.

கிறிஸ்துமஸ் நீங்க எப்போதான் கொண்டாடுவீங்க?

24ஆம் தேதி ராத்திரிதான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ். அன்னிக்கு அவர் கொஞ்சம் சீக்கிரமே குதிரைங்களோட வந்துருவாரு. தீனி தண்ணி எல்லாம் முடிச்சு, குளிச்சு, காந்தல் குருசடி கோயில்ல ராத்திரி பூசைக்கு கிளம்புவோம். எல்லாரும் ஒண்ணா போக முடியாது, ஒரு ஆள் வீட்டுல இருக்கணும், அது வருஷா வருஷம் மாறும். அத்தை இருக்கற வருஷம் கோயில்ல இருந்து திரும்பி வந்ததும் முதல்ல அவங்களுக்கு கேக்கு குடுத்துட்டு, லாயத்துல ஒரு எட்டு பாத்துட்டு வந்துதான் பசங்க புதுத்துணியோட படுப்பாங்க.

25ஆம் தேதி காலையில ஊரே தூங்கும்போது நாங்க எழுந்துருவோம், ஏன்னா அன்னிக்கு ஏரியில வருஷத்துலயே பெரிய கூட்டம் வர்ற நாள்கள்ல ஒண்ணு. பிரியாணி ராத்திரிதான். சின்ன வயசுல என் பொண்ணு “எல்லார் வீட்டுலயும் மத்தியானம் சாப்பிடறாங்க, நாம மட்டும் ஏன்”னு அழுதிருக்கா. இப்போ ராத்திரி எட்டு மணிக்கு அவங்கப்பா கை கழுவிட்டு வந்து உக்கார்ற வரைக்கும் யாரும் தட்டைத் தொடாம இருக்காங்க, அதை நாங்க யாரும் சொல்லித் தரல.

கேக், சாக்லேட், காய்கறி எல்லாம் குதிரைக்குக் குடுக்கலாமா?

தயவு செஞ்சு கேட்டுட்டுக் குடுங்க. லீவு சீசன்ல குதிரைக்கு வர்ற வயித்துப் பிரச்சனையில பாசத்தால வர்றது நிறைய. சாக்லேட் வேண்டவே வேண்டாம், அதுல இருக்கற தியோப்ரோமின் குதிரைக்கு ஒத்துக்காது. பிளம் கேக், வர்க்கி, பிரெட்டு இதெல்லாம் ஒருத்தர் ஒரு துண்டு குடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு தோணும், ஆனா ஒரு நாள்ல அம்பது பேர் ஒரு துண்டு குடுக்கறாங்களே.

காய்கறியில முட்டைக்கோசு, காலிஃப்ளவர் இலைங்க இங்க மலை மாதிரி கிடைக்கும், மார்க்கெட்ல சும்மாவே அள்ளிட்டுப் போன்னு சொல்லுவாங்க. மாட்டுக்குப் போடலாம், குதிரைக்கு வேண்டாம், வாயு கட்டி வயிறு உப்பிடும். பச்சை நிறமா மாறின உருளைக்கிழங்கும் அதோட தோலும் விஷம். வெங்காயம் கூடாது. பட்டர் ஃப்ரூட் இங்க தோட்டம் தோட்டமா இருக்கு, அதோட இலை, பட்டை, பழம், கொட்டை எதுவுமே குதிரைக்கு ஆகாது, மரத்துக்குக் கீழ கட்டவே கூடாது. பனியில புல்லு கருகின நேரத்துல பசிச்ச குதிரை எதையாவது கடிக்கும்னு ஓரத்துல வளர்ற பெரணியையும் பாத்து வெட்டிடணும், தொடர்ந்து தின்னா நரம்பைப் பாதிக்கும்.

குடுக்கணும்னு ஆசையா இருந்தா கேரட் கொண்டு வாங்க. கேத்தி பக்கம் கழுவி மூட்டை கட்டும்போது ஒடிஞ்சது, கோணலானது ஒதுக்குவாங்க, நாங்க அதைத்தான் வாங்கறோம். நீளவாக்குல வெட்டிக் குடுக்கணும், வட்டமா வெட்டினா தொண்டையில சிக்கிக்கும்.

நாங்க அப்பாவும் பிள்ளையுமா ரெண்டு பேர் ஒரே குதிரையில ஏறலாமா?

முடியாதுங்க. பொதுவா குதிரையோட எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல அது முதுகுல ஏத்தக்கூடாதுன்னு சொல்லுவாங்க, சேணத்தோட சேத்து. எங்க குதிரைக்கு அது 50 கிலோ பக்கம் வருது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்குக் கீழ 1965ல வந்த விதிகள்ல கூட, சுமை தூக்கற மட்டக்குதிரைக்கு 70 கிலோதான் உச்சவரம்பு. அதே விதியில சுமை, வண்டி இழுக்கற பிராணிங்ககிட்ட ஒரு நாள்ல மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது, நடுவுல ஓய்வு குடுக்காம தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலயும் வாங்கக்கூடாதுன்னு இருக்கு. எங்களைக் கேட்டா அந்த 9 மணி நேரமே ஜாஸ்தி.

அதனால எங்ககிட்ட குழந்தைங்களும் ஒல்லியா இருக்கற பெரியவங்களும் மட்டும்தான் ஏறுவாங்க. காசு ரெண்டு மடங்கு தர்றேன்னு சொல்லுவாங்க, கோவப்படுவாங்க, “அவன் ஏத்தறான், நீ ஏன் ஏத்த மாட்டேங்கற”ன்னு பக்கத்துக் குதிரையைக் காட்டுவாங்க. போட்டோ எடுக்கணும்னா பக்கத்துல நின்னு தாராளமா எடுத்துக்கங்க, அதுக்குக் காசே வேண்டாம். அந்த வருமானம் போனா போகட்டும்னு சொல்றது சுலபம் இல்ல, ஆனா முதுகெலும்பு போன குதிரையை எந்தக் காசு குடுத்தும் சரி பண்ண முடியாது.

குதிரைக்கு வயித்துவலின்னு எப்படித் தெரியும்? உடனே என்ன பண்ணுவீங்க?

முன்னங்காலால தரையைப் பறிக்கும், திரும்பித் திரும்பி விலாவைப் பாக்கும், மேலுதட்டைச் சுருட்டும், படுக்கும் எழும் திரும்பப் படுத்து உருளும், தீனியைத் தொடாது, சாணம் போடாது. வேலை இல்லாமலேயே வேர்த்துக் கொட்டினா ரொம்ப சீரியஸ். ரெண்டு பக்கமும் விலாவுக்குப் பின்னாடி காதை வச்சா கடமுடன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும், அமைதியா இருந்தா அதுதான் பயம். எங்க வீட்டுல தெர்மாமீட்டர் இருக்கு. சும்மா நிக்கிற குதிரைக்கு 37.5லிருந்து 38.5 டிகிரி செல்சியஸ் வரைக்கும் நார்மல், நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 28லிருந்து 44. பெரியவனுக்கே தாடைக்குக் கீழ விரல் வச்சு நாடி பாக்கத் தெரியும்.

அறிகுறி தெரிஞ்சதும் முன்னாடி இருக்கற தீனியை எடுத்துருவோம். டாக்டருக்குப் போன். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962ங்கற நம்பர்ல கூப்பிடலாம், காசு கிடையாது. டாக்டர் வர்ற வரைக்கும் மெதுவா நடக்க வைப்போம், ஆனா ஓட விட மாட்டோம், அது அமைதியா படுத்திருந்தா எழுப்பி வதைக்கவும் மாட்டோம்.

அந்தக் காலத்துல விளக்கெண்ணெய் பாட்டில்ல ஊத்தி வாய்க்குள்ள கவுத்துவாங்க. செய்யாதீங்க. தலையைத் தூக்கிப் பிடிச்சு ஊத்தினா அது நுரையீரலுக்குப் போயிடும், வயித்துவலியில பொழச்ச குதிரை நிமோனியாவுல போயிடும். எண்ணெய் குடுக்கணும்னா டாக்டர் மூக்கு வழியா குழாய் விட்டுக் குடுப்பாரு. மனுஷங்களுக்கு வாங்கின வலி மாத்திரையும் கூடாது.

நியூ இயர் பட்டாசுக்கு என்ன பண்றீங்க?

31ஆம் தேதி ராத்திரி நாங்க எங்கயும் போறதில்ல. சாயங்காலமே மூணையும் உள்ள கட்டி, ஜன்னல் பக்கம் சாக்கு தொங்க விட்டு வெளிச்சம் தெரியாம பண்ணி, எட்டு மணியில இருந்தே ரேடியோ ஓட விட்ருவோம், அந்தச் சத்தத்துல பட்டாசுச் சத்தம் கொஞ்சம் அமுங்கும். முன்னாடி நிறைய காஞ்ச புல்லு, வாய் அசை போட்டுக்கிட்டு இருந்தா மனசு அமைதியா இருக்கும். கயிறு சட்டுனு உருவற முடிச்சா இருக்கணும், மிரண்டு இழுத்தா கழுத்து சிக்கிடக்கூடாது. மின்னலுக்குத்தான் பயம் ஜாஸ்தி, ரோஸிக்குப் பக்கத்துல கட்டிட்டா அடங்கிடும். பன்னெண்டு மணிக்கு அவர் லாயத்துல இருப்பாரு, நாங்க எல்லாரும் அங்கயே போய் ஹேப்பி நியூ இயர் சொல்லுவோம்.

போகிக்கு வேற தொந்தரவு, புகை. பழைய டயர், பிளாஸ்டிக் எல்லாம் கொளுத்தினா அந்தப் புகை பனிமூட்டத்தோட சேந்து கீழயே நிக்கும், குதிரைக்கு இருமல் பிடிச்சா லேசுல விடாது. தெருவுல எல்லாருகிட்டயும் முன்னாடியே சொல்லி வச்சிருக்கோம், இப்போ எங்க வரிசையில டயர் கொளுத்தறதில்ல.

லாயத்துல கரி அடுப்பு வச்சா கதகதன்னு இருக்குமே?

வைக்காதீங்க, லாயத்துலயும் வைக்காதீங்க, நீங்க தங்கற ரூம்லயும் வைக்காதீங்க. மூடின இடத்துல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும், அதுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே ஆள் போயிடுவாங்க. மலைக்கு டூர் வந்தவங்க இப்படிச் செத்த செய்தி பேப்பர்ல வந்திருக்கு. குளிருதுன்னு லாயத்தை முழுக்க அடைக்கவும் கூடாது, மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியா கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். மேல காத்து போக வழி இருக்கணும், கீழ நேரா காத்து அடிக்கக்கூடாது, படுக்கிற இடம் காஞ்சிருக்கணும். குதிரை நின்னுக்கிட்டே தூங்கும்னாலும் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது கொஞ்ச நேரமாவது படுத்தாகணும், ஈரத் தரையில படுக்காது.

ராத்திரி ரோட்டுல குதிரைங்க திரியுதே, அதெல்லாம் யாரோடது?

இதைப் பத்தி பேசினா எங்க ஆளுங்களுக்கே என் மேல வருத்தம் வரும், ஆனாலும் சொல்றேன். வேலை முடிஞ்சதும் தீனிச் செலவு மிச்சம்னு அவுத்து விட்டுடறாங்க. அது மார்க்கெட் குப்பையில பிளாஸ்டிக்கோட சேத்து எதையாவது தின்னும், பனிமூட்டத்துல வண்டிக்காரங்களுக்குத் தெரியாம அடிபடும், பைக்குல வர்றவங்க உயிருக்கும் ஆபத்து. நகராட்சி பிடிச்சு அபராதம் போடறாங்க, அது நியாயம்தான். தீனிச் செலவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். புல்லு கருகின மாசத்துல சோளத்தட்டும் வைக்கோலும் மேட்டுப்பாளையம் பக்கத்துல இருந்து வண்டியில ஏறி வரணும், அந்த வாடகையே பாதி முழுங்கிடும். நாங்க அக்டோபர் சீசன் காசுலயே டிசம்பருக்கு வாங்கி பரண்ல ஏத்திடறோம். பகல் பூரா நமக்காக நடந்த பிராணிக்கு ராத்திரி ஒரு கூரையும் ஒரு கட்டுப் புல்லும் குடுக்க முடியலன்னா அந்தக் குதிரையை வச்சிருக்கக்கூடாது.

லாடம் அடிச்சா வலிக்காதா?

குளம்போட வெளிச் சுவர் நம்ம நகம் மாதிரி, உணர்ச்சி கிடையாது. சரியான இடத்துல ஆணி அடிச்சா வலிக்காது, உள்பக்கம் இறங்கிட்டா நொண்டும். ஆறுலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை கழட்டி, சீவி, திரும்ப அடிக்கணும். நாங்க டிசம்பர் நடுவுலயே முடிச்சிருவோம், லீவுல லாடக்காரரைப் பிடிக்கறது கஷ்டம்.

இவ்ளோ சாணத்தை என்ன பண்ணுவீங்க?

கேரட், உருளைக்கிழங்கு போடறவங்க வந்து எடுத்துட்டுப் போவாங்க, மக்க வச்சுப் போட்டா மண்ணு பொலபொலன்னு இருக்கும். பட்டன் காளான் வளர்க்கறவங்களுக்கும் குதிரைச் சாணமும் வைக்கோலும் கலந்த உரம் ரொம்பப் பிடிக்கும்.

ரோஸிக்கு வயசாயிடுச்சே, இன்னும் ஏன் வச்சிருக்கீங்க?

எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே இந்த வீட்டுக்கு வந்தவ அவ. பெரியவனோட ஸ்கூல் அட்மிஷன் பணம் அவ நடந்து கொண்டு வந்தது. நல்லாப் பாத்துக்கிட்டா குதிரை 25, 30 வருஷம் வரைக்கும் இருக்கும், அதுல கடைசி வருஷங்கள்ல வேலை செய்ய முடியாது, அது தெரிஞ்சுதான் குதிரை வாங்கணும். பல்லு தேஞ்சு போச்சு, காஞ்ச புல்லை மென்னு உருட்டித் துப்பிடுவா. அதனால அவளுக்குத் தனி சாப்பாடு, தவிடும் வெந்த கொள்ளும் பொடியா நறுக்கின புல்லும் வெந்நீர்ல ஊறவச்சு கஞ்சி மாதிரி, ஒரு நாளைக்கு நாலு வேளையா பிரிச்சு. அத்தைக்கும் பல்லு இல்ல, அவங்களுக்கும் கஞ்சிதான், ரெண்டு பாத்திரமும் ஒரே அடுப்புல பக்கத்துல பக்கத்துல இருக்கும். ரோஸி கஞ்சியை அத்தைதான் கொண்டு போய் வைப்பாங்க, வேற யாரையும் விட மாட்டாங்க.

பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போக மாட்டீங்களா?

எங்கம்மா கோயம்புத்தூர்ல. பொங்கலுக்குப் போக முடியாது, மூணு நாளும் ஏரியில கூட்டம். மாட்டுப் பொங்கல் அன்னிக்கு எங்க வீட்டுல மூணு குதிரைக்கும் குளம்பு கழுவி, நெத்தியில பொட்டு வச்சு, சாமந்தி மாலை போடுவோம். வேதக்காரங்க வீட்டுல பொங்கலான்னு சிலர் கேப்பாங்க. சோறு போடற பிராணிக்கு நன்றி சொல்ற நாள் எங்களுக்கும்தான். அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் ராஜாவுக்கும் மின்னலுக்கும் லீவு, எவ்வளவு கூட்டம் இருந்தாலும் சரி. சர்க்கரைப் பொங்கல் நாங்க சாப்பிடுவோம், அதுங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு வெல்லமும் கேரட்டும்.

அம்மாவும் தம்பி குடும்பமும் நியூ இயருக்கு இங்க வருவாங்க. முதல்ல எல்லாம் “புருஷன் வீட்டு குதிரையைப் பாக்கறதுக்கு நீ எதுக்கு”ன்னு அம்மா குறைப்படுவாங்க. இப்போ வந்து இறங்கினதும் சேலையை இழுத்துச் சொருகிட்டு கொள்ளு அடுப்புக்கிட்ட போயிடறாங்க.

பொங்கல் முடிஞ்சதும் உங்களுக்கு லீவா?

காணும் பொங்கல் முடிஞ்ச மறுநாள் சேணமே எடுக்க மாட்டோம். வேலை குறையும்போது கொள்ளையும் கூடவே குறைக்கணும், அதுவும் ஒரே நாள்ல இல்ல, ஒரு வாரமா கொஞ்சம் கொஞ்சமா. முதுகு, குளம்பு, எடை எல்லாம் பாத்து, டாக்டர்கிட்ட சாணத்தைக் குடுத்து டெஸ்ட் பண்ணி பூச்சி மருந்து குடுப்போம். டெட்டனஸ் ஊசி யாருக்கு பாக்கின்னு பெரியவன் நோட்டுல இருக்கும். ராஜாவுக்கு கடவாப்பல்லு ஒரு பக்கம் கூரா வளர்ந்திருக்கு, கடிவாளம் போட்டா தலையை ஆட்டறான், அதை ராவி விடணும், டாக்டர் பிப்ரவரி முதல் வாரம் வர்றேன்னு சொல்லியிருக்காரு. அது முடிஞ்சதும் கொழுந்தனாரை இங்க விட்டுட்டு நானும் பசங்களும் ஒரு சனி ஞாயிறு கோயம்புத்தூர் போறோம், வீட்டுக்காரர் அடுத்த வாரம் போவாரு.